ஹட்டன்ல இருந்து கீரிப்பாறைக்கு

இலங்கை மலையகத்துல இருந்து கன்னியாகுமரி ஜில்லாவுல இருக்க எங்க ஊருக்கு வந்து இன்னையோட 34 நாள் ஆச்சு. எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், வந்த அன்னைக்கே உக்காந்திருந்தா அழுகை மட்டும்தான் வந்திருக்கும், இப்ப கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, முழுசா தெளிஞ்சிருச்சுன்னு சொல்ல மாட்டேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அப்பாவும் தம்பியும் வந்திருந்தாங்க. கொழும்புல ஏறினா ஒரு மணி நேரம்தான், இவ்வளவு பக்கத்துல இருக்க ஒரு நாட்டைப் பத்தி 23 வருஷமா ஒண்ணும் தெரியாம இருந்திருக்கேனேன்னு ஜன்னல் வழியா கடலைப் பார்த்துட்டே வந்தேன். நெய்யாற்றின்கரை, வெள்ளறடை, அப்புறம் அருமனை, வழி முழுக்க இடவப்பாதிப் பருவமழை. அம்மா மரச்சீனி கிழங்கு அவிச்சு சாளைக்கறி வச்சிருந்தாங்க. "என்ன மக்ளே இப்பிடி கறுத்து மெலிஞ்சு போயிட்டே"ன்னு கன்னத்தைப் பிடிச்சுப் பார்த்தாங்க. சாப்பிட்டுட்டு என் ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்தினேன், கட்டில்ல உக்காரல, சுவருல இருந்து சுவருக்கு காலடி வச்சு அளந்தேன். 12 அடி நீளம், 11 அடி அகலம் வந்துச்சு. எனக்கு மட்டும்னு இருக்க ரூம். நான் ஏழு வாரம் போயிட்டு வந்த வீடுகள்ல அதைவிட ஒரு அடி குறைச்சலான எடத்துல ஆறு பேர் படுத்து எந்திரிக்கிறாங்க.

நாங்க போனது இலங்கை மலையகம், தேயிலைத் தோட்டங்கள் இருக்க மலைப்பக்கம். இந்த 2025 ஏப்ரல்ல, ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை, எங்க சபை வாலிபர் சங்கத்துல இருந்து ஆறு பேர் கிளம்பினோம். ஹட்டன் பக்கத்துல இருக்க ஒரு சின்ன சபைதான் எங்களைக் கூப்பிட்டது, கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல ட்ரெயின், அப்புறம் ஆட்டோ, அப்புறம் நடை. பிள்ளைங்களுக்கு வி.பி.எஸ் (லீவுல நடக்கிற வேதாகமப் பள்ளி) மாதிரி பாட்டும் கதையும், ஓ.எல் பரீட்சை (நம்ம பத்தாம் கிளாஸ் மாதிரி) எழுதப் போற பிள்ளைங்களுக்கு சாயங்காலம் கணக்கும் இங்கிலீஷும், வீடு வீடா போய் ஜெபம் பண்றது, இதுதான் வேலை. பி.எட் முடிச்ச கையோட இருந்ததால கணக்கு என் தலையில.

நம்ம ஊர்ல வளர்ந்த எல்லாருக்கும் மிஷனரி கதை தாய்ப்பால் மாதிரி. மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் சுவிசேஷத்தைக் கேட்டுட்டு வந்தது, 1806-ல மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது, தனக்கு வர்ற சம்பளத்தை எல்லாம் அள்ளிக் கொடுத்துட்டு ஏழை மாதிரி சுத்தினது, 1816-ல ஊரை விட்டுப் போனவர் கடைசியில என்ன ஆனாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாம போனது, இதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில அஞ்சு வயசுலயே மனப்பாடம். நமக்கு வந்தது, இனி நாம போகணும், இந்த எண்ணம்தான் என்னைக் கிளப்பிச்சு. அது தப்புன்னு இப்பவும் சொல்லல. ஆனா அந்த எண்ணத்துக்குள்ள நான் கொடுக்கிறவ, அவங்க வாங்குறவங்கன்னு ஒரு கணக்கு ஒளிஞ்சு கிடந்திருக்கு, அது அங்க போன மூணாவது நாளே உடைஞ்சு போச்சு.

அந்த மூணாவது நாள் ஒரு அம்மா வீட்டுக்குப் போனோம். அறுபது வயசு இருக்கும், இப்பவும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறாங்க. பேரு எழுத வேண்டாம், நான் பெரியம்மான்னுதான் கூப்பிட்டேன். லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, கடைசி காம்பரா (அறை). வீட்டு முன்னால இருக்க சின்ன எடத்தை அங்க இஸ்தோப்புன்னு சொல்றாங்க, அங்க ஒரு பலகையைத் துடைச்சு உக்கார வச்சாங்க. தேத்தண்ணி வந்துச்சு. எனக்கு மட்டும் வெள்ளைப் பீங்கான் கோப்பை, அடியில சாசர், விளிம்புல மெலிசா ஒரு தங்கக் கோடு, அந்தக் கோடு பாதி தேஞ்சு போயிருந்துச்சு. கூட வந்த அண்ணனுக்கு கண்ணாடி கிளாஸ். உள்ள எட்டிப் பார்த்தா பேரப்பிள்ளைங்க ரெண்டும் தகரக் குவளையோட நிக்குது, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அதுங்க வாய் வைக்கல. அந்த வீட்டுல இருக்கிறதே ஒரே ஒரு கோப்பை சாசர்தான், அது அவங்க அம்மா காலத்துது, வெளி ஆள் வந்தா மட்டும்தான் எடுக்கிறதுன்னு அப்புறம் அந்தச் சின்னவ சொன்னா. எனக்கு அந்த டீ தொண்டையில இறங்கல. குடிக்கலன்னா அவங்க மனசு உடையும்னு குடிச்சேன்.

காலையில பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற எடத்துக்குப் போறப்போ பெரியம்மா இடுப்புல படங்குத் துணியைக் கட்டி, தலையில கயிறு போட்டு கூடையைத் தொங்க விட்டுப்பாங்க. மே கடைசியில மழை பிடிச்சதும் அட்டைக்கடி. "சவுக்காரத்தைத் தேச்சுட்டுப் போ புள்ள"ன்னு தன் சோப்புத் துண்டை உடைச்சு எனக்குப் பாதி கொடுத்தாங்க. அந்தத் தோட்டத்துல ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, குறைஞ்சா அரைப்பேர். நாங்க இருந்தப்போ அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா, நம்ம காசுக்கு 400-க்கும் கீழ. 18 கிலோன்னா என்னன்னு ஒரு நாள் அவங்க கூடையை எடுத்து முதுகுல மாட்டிப் பார்த்தேன், அது பாதி நிறைஞ்ச கூடைதான், பத்து அடி ஏற முடியல.

ராத்திரி கரண்ட் போனா எதிர் பக்கத்துல யாத்திரை போற சிவனொளிபாதமலை தெரியும். அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் படிக்கட்டு விளக்கு, இருட்டுக்குள்ள ஒரு வெளிச்சக் கோடு மாதிரி. மே மாசம் பௌத்தங்களோட வெசாக் பண்டிகை முடிஞ்சதும் சீசன் முடிஞ்சு அந்த விளக்கை அணைச்சுட்டாங்க. பெரியம்மா அந்த மலையைப் பார்த்துதான் கும்பிடுவாங்க, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் போவாங்க, நாங்க ஜெபம் பண்றப்போ தலையில முக்காடு போட்டு கண்ணை மூடி நிப்பாங்க. நாங்க கிளம்புற முந்தின நாள் "நீங்க பத்திரமா கடல் தாண்டணும்னு மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிட்டேன்"னு சொன்னாங்க. போன வருஷம் இதைக் கேட்டிருந்தா நான் உள்ளுக்குள்ள சுருங்கியிருப்பேன். அன்னைக்கு அவங்க கையை என் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

இனி சொல்லப் போறதுதான் என்னைத் தூங்க விடாதது.

நாங்க கன்னியாகுமரி ஜில்லான்னு தெரிஞ்சதும் பெரியம்மா உள்ள போய் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிட்டு வந்தாங்க. அதுல ஒரு நீல இன்லாண்ட் கடுதாசி, மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு, எழுத்து பாதி அழிஞ்சு. அனுப்புனர் எடத்துல ஒரு ஊர் பேர் மட்டும் தெளிவா இருந்துச்சு. கீரிப்பாறை. "உங்க ஊருக்குப் பக்கமா இது?"ன்னு கேட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

அவங்க அக்கா எழுதின கடுதாசி அது. கதை இதுதான். 1948-ல இலங்கை சுதந்திரம் வாங்கின கையோட வந்த குடியுரிமைச் சட்டத்துல மலையகத் தமிழர் லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்களா ஆனாங்க. 1964 அக்டோபர்ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு. அந்த மிச்சத்தை 1974-ல ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க. சந்தையில தேங்காய் பங்கு வைக்கிற மாதிரி மனுஷங்களை எண்ணி வச்சிருக்காங்க. ஒரே வீட்டுல ஒருத்தருக்கு இந்தியா பாஸ்போர்ட், இன்னொருத்தருக்கு இலங்கை. பெரியம்மாவோட அக்காவுக்கு கல்யாணம் ஆகி புருஷன் வீட்டோட இந்தியாவுக்கு எழுதிருச்சு. 1978-ல ஹட்டன் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏத்தி விட்டாங்களாம். அந்த ட்ரெயினுக்கு அங்க அழுகைக் கோச்சின்னு பேர், கோச்சின்னா ட்ரெயின். தலைமன்னார் போய் அங்கேருந்து கப்பல்ல ராமேஸ்வரம். பெரியம்மாவுக்கு அப்ப 14 வயசு, கோச்சி நகர்றப்போ அக்காவோட விரலைப் பிடிச்சுட்டே பிளாட்பாரம் முடியுற வரைக்கும் ஓடினேன்னு சொன்னாங்க. 1984-ல சண்டையால அந்தக் கப்பலும் நின்னு போச்சு. கடைசிக் கடுதாசி இந்த நீலத் தாள்.

நாங்க எல்லையில பிறந்து வளர்ந்தவங்க. 1956 நவம்பர் 1-க்கு முன்னால எங்க வீடு, அத்தை இருக்க வெள்ளறடை, பெரியப்பா இருக்க பாறசாலை எல்லாம் ஒரே திருவிதாங்கூர்-கொச்சிதான். அன்னைக்கு கோடு போட்டாங்க, நாங்க தமிழ்நாடு, அவங்க கேரளா. எங்களுக்கு அந்தக் கோடு பஸ் மாறுற எடம், அவ்வளவுதான். இங்க சாயா குடிச்சுட்டு அங்க போய் சோறு சாப்பிடுவோம், அந்தப் பக்கத்து பிள்ளைங்க இங்க கல்யாணம் கட்டி வரும். எல்லைன்னா இப்படித்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். அதே மாதிரி ஒரு கோடு ஒரு பொண்ணு கையில இருந்து அவ அக்கா விரலைப் பிடுங்கும்னு எனக்குத் தெரியல.

கீரிப்பாறை எனக்குத் தெரியாத ஊரா? காளிகேசம் போறதுக்கு அதுதான் வழி. வாலிபர் சங்கத்து டூர்னு நாலு தடவை வேன்ல பாட்டுப் பாடிட்டு அந்த ரப்பர் தோட்டத்தைத் தாண்டிப் போயிருக்கோம். குவார்ட்டர்ஸ் வரிசையா இருக்கும், வாசல்ல துணி காயும், பிள்ளைங்க வேனைப் பார்த்துக் கையாட்டும். அரசு ரப்பர் கழகத்துல வேலை செய்ற சிலோன்காரங்கன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். ஒரு தடவை கூட வேனை நிறுத்தல. கடல் தாண்டி ஊழியத்துக்குப் போகணும்னு ரெண்டு வருஷம் ஜெபம் பண்ணினேன், வீட்டுல இருந்து ஒன்றரை மணி நேரத்துல இருந்த அந்த வாசல்ல இறங்கத் தோணல.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் காலையில இன்னொண்ணு. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர் இருக்கு. பால் வெட்ட வர்ற மாமா நான் ஏழாம் கிளாஸ் படிக்கிறப்போல இருந்து வர்றாரு. வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடிச்சுட்டு பின்வாசல் படியில உக்காருவாரு. அவருக்குன்னு ஒரு ஸ்டீல் கிளாஸ், ஒரு பக்கம் நசுங்கினது, அடுக்களைக்கு வெளியே தண்ணி டேங்க் மேல கவுத்து வச்சிருக்கும். அவரே கழுவி அவரே கவுத்துவாரு. அந்த கிளாஸ்ல நான் எத்தனை நூறு தடவை சாயா ஊத்திக் கொடுத்திருப்பேன். அன்னைக்கும் அம்மா சாயாவைக் கொடுத்து விட்டாங்க, டேங்க் மேல இருந்து அதை எடுத்தேன், கை அப்படியே நின்னு போச்சு. தங்கக் கோடு தேஞ்ச அந்தக் கோப்பை கண்ணு முன்னால வந்துச்சு. உள்ள திரும்பிப் போய் அப்பா குடிக்கிற கப்பை எடுத்து அதுல ஊத்திக் கொண்டு போனேன். மாமா வாங்கல. என் முகத்தையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்துட்டு "எனக்க கிளாஸ் எங்க மக்ளே?"ன்னு கேட்டாரு.

அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள்ளயே நிக்குது. அவரு கோவமா கேக்கல, எங்கயோ தொலைஞ்சு போச்சோன்னு கவலையா கேட்டாரு.

அதே கிராமத்துல நாங்க வருஷா வருஷம் தோள்சீலைப் போராட்டத்தைப் பத்திப் பேசுறோம். எங்க பூட்டிமாருக்கு மேலாடை போட உரிமை இல்லாம இருந்தது, போட்டவங்களை அடிச்சது, சபைக் கோயிலைக் கொளுத்தினது, மிஷனரிமார் கூட நின்னது, 1859-ல திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை விட்டது, எல்லாம் ஒரு வரி விடாம சொல்லுவோம். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து டேங்க் மேல ஒரு கிளாஸைக் கவுத்து வைப்போம். நமக்கு நடந்தது நமக்கு நல்லா தெரியும், நாம செய்றது நமக்கே தெரியல, நான் உட்பட.

ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசாம வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. "நான் கல்யாணம் ஆகி வரும்போதே உனக்க பாட்டி வச்சிருந்த வழக்கம் மக்ளே, நான் ஒண்ணும் யோசிச்சுச் செய்யல"ன்னாங்க. சண்டை போடத் தோணல. அம்மா கெட்டவங்க இல்ல, அந்த மாமாவுக்கு உடம்பு சரியில்லாதப்போ கஞ்சி கொடுத்து விட்டது இதே அம்மாதான். பத்து நாள் கழிச்சு ஒரு காலையில அடுக்களை ஷெல்ஃபைப் பார்த்தேன், அந்த நசுங்கின கிளாஸ் எங்க கிளாஸ்களோட சேர்ந்து நிக்குது. யார் வச்சான்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. மாமா இன்னும் படியிலதான் உக்காருறாரு. உள்ள வாங்கன்னு அப்பா கூப்பிட்டாரு, "கால்ல சேறு"ன்னு சொல்லிட்டாரு. பதினோரு வருஷத்தை ஒரு கப்பால மாத்திட முடியாதுன்னு புரியுது.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லச் சொன்னாங்க, ஆளுக்கு அஞ்சு நிமிஷம். மத்தவங்க போட்டோ போட்டு நல்லா பேசினாங்க. நான் கோப்பையைப் பத்திச் சொன்னேன், சோப்புத் துண்டைப் பத்திச் சொன்னேன், கடுதாசியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சு தொண்டை அடைச்சு உக்காந்துட்டேன். ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா வயசான ஒரு பாட்டா பக்கத்துல வந்து "எத்தனை ஆத்துமா மக்ளே?"ன்னு கேட்டாரு. அன்போடதான் கேட்டாரு, எங்க பயணச் செலவுக்கு அவரு பென்ஷன்ல இருந்து காணிக்கை கொடுத்தவரு. எனக்கு பதில் இல்ல. எனக்குத் தெரிஞ்சு யாரும் ஞானஸ்நானம் எடுக்கல. 19 பிள்ளைங்களுக்கு பின்னமும் தசமமும் புரிஞ்சிருக்கு, ஒரு பெரியம்மா என்னை மகளா எடுத்துக்கிட்டாங்க. 1854-லயே அந்த மலைக்குத் திருநெல்வேலி பக்கத்துல இருந்து உபதேசியார்மாரை அனுப்பியிருக்காங்க, காப்பித் தோட்டத்துத் தமிழருக்காக. அவங்ககிட்டயும் திரும்பி வந்தப்போ இதே கேள்வியைக் கேட்டிருப்பாங்களோ என்னமோ. நான் இயேசுவை நேசிக்கிறதுல ஒரு இம்மி குறையல, கூடியிருக்குன்னுதான் சொல்லுவேன். எண்ணிக்கை சொல்ற அந்த இடத்துல மட்டும் இனி என்னால நிக்க முடியாது.

போன சனிக்கிழமை தம்பிக்க ஸ்கூட்டியில கீரிப்பாறை போனேன். தடிக்காரன்கோணம் தாண்டினதும் மழை, ரப்பர் மரத்துக்கெல்லாம் மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டி விட்டிருந்தாங்க. குவார்ட்டர்ஸ்ல முதல் வாசல்லயே ஒரு ஆச்சி அரிசி புடைச்சுட்டு இருந்தாங்க. ஹட்டன்ல இருந்து வந்திருக்கேன் ஆச்சின்னு சொன்னேன். சுளகைக் கீழ வச்சுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. "எந்தத் தோட்டம்?" முதல் கேள்வியே அதுதான். தோட்டப் பேரைச் சொன்னேன். "அதுக்கு மேப்பக்கம்தான் நாங்க"ன்னு சொல்லும்போதே கண்ணு நிறைஞ்சிருச்சு. இங்க வந்து 45 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ரூபான்னுதான் சொல்றாங்க, தேத்தண்ணின்னுதான் சொல்றாங்க.

பெரியம்மாவோட அக்கா குடும்பம் அங்க இல்ல. புருஷன் செத்த பிறகு மகன் கூட திருப்பூர் போயிட்டாங்க, பதினஞ்சு வருஷம் இருக்கும், பனியன் கம்பெனி வேலைக்கு. நம்பர் யார்கிட்டயும் இல்ல. ஒருத்தர்கிட்ட பழைய நம்பர் ஒண்ணு இருந்துச்சு, போட்டா உபயோகத்துல இல்லைன்னு வருது. அந்த அக்கா உயிரோட இருக்காங்களான்னே அங்க யாருக்கும் உறுதியா சொல்லத் தெரியல.

இதை எப்படி பெரியம்மாகிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல, டீக்கடை பக்கம் ரோட்டுக்கு வந்தாதான் எடுக்குது. ஆச்சி குடையைப் பிடிச்சுட்டு எங்கூட வந்தாங்க. பெரியம்மாவோட பேத்தி போனுக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "பக்கத்துல யாரு?"ன்னு கேட்டாங்க. போனை ஆச்சி கையில கொடுத்தேன். முன்னபின்ன பார்த்திராத ரெண்டு பேரும் நாப்பது நிமிஷம் பேசினாங்க, அந்த ஆத்துப் பாலம் இருக்கா, ஸ்டோர்ல (தேயிலை ஃபேக்டரியில) சங்கு ஊதுறாங்களா, பெரிய கங்காணி வீட்டு மாமரம் நிக்குதா, தேர்த் திருவிழா எந்த மாசம். ஆச்சி போனைக் காதுல வைக்காம முகத்துக்கு நேரா பிடிச்சு, பெரியம்மாவுக்குப் பின்னால தெரியுற மலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க, தொட்டதுல ரெண்டு தடவை கால் கட் ஆகி திரும்பப் போட்டேன்.

இதைப் படிக்கிறவங்க யாராவது திருப்பூர்ல இருந்தா, உங்க தெருவுல, கம்பெனியில, கீரிப்பாறையில இருந்து வந்த சிலோன்கார குடும்பம் இருந்தா தயவுசெஞ்சு கேட்டுப் பாருங்க. அக்காவுக்கு இப்ப எழுபதுக்குப் பக்கம் வயசு இருக்கும். தங்கச்சி ஹட்டன் பக்கம் அதே தோட்டத்துல, அதே காம்பராவுல இருக்காங்க.

கிளம்புறப்போ ஆச்சி உள்ள கூப்பிட்டு தேத்தண்ணி கொடுத்தாங்க, ஞாயித்துக்கிழமை வான்னு சொல்லி விட்டாங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு போறேன். அம்மா ஏத்தன்காய் வத்தல் வறுத்து டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க, அவங்களும் வர்றாங்களாம், ஸ்கூட்டி வேண்டாம் பஸ்ல போவோம்னு இப்பதான் வந்து சொல்லிட்டுப் போறாங்க.